ஆறு பக்க மேஜையும் நாற்பது குதிரைகளும்

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு மேஜைக்கு ஆர்டர் எடுத்தேன். சாப்பிடுவதற்கு இல்லை, எழுதுவதற்கும் இல்லை. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து விளையாடுவதற்கு.

வந்தவர் ஒரு பல் டாக்டர். ஐம்பதை ஒட்டிய பெண்மணி. "பசங்களுக்கா டாக்டரம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன். "எங்களுக்கு" என்றார். குரலில் ஊசி இருந்தது.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மதியம் ஆறு பேர் கூடுகிறார்கள். பெரிய அட்டை ஒன்றில் கடலும் தீவுகளும். அதன்மேல் மரக் குதிரைகள், கப்பல்கள், உப்புக்கு வெள்ளைக் கட்டை, செம்புக்குச் சிவப்புக் கட்டை, சீட்டுகள். ஓர் ஆட்டம் முடிய ஒரு வருடம்கூட ஆகுமாம். எழுந்து போகும்போதெல்லாம் எது எங்கே இருந்தது என்று நோட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், மறுவாரம் நோட்டைப் பார்த்துப் பரப்ப வேண்டும். இதற்கே ஒரு மணி நேரம் போகிறது. ஆகவே நடுவில் பள்ளம் வைத்த மேஜை. ஆட்டம் பள்ளத்தில், மேலே மூடிப் பலகை. கலைக்காமல் மூடிவிட்டுப் போகலாம், மூடியின் மேல் சாப்பிடவும் செய்யலாம்.

நல்ல யோசனை. ஆனால் "ரொம்பக் கஷ்டமான வேலை" என்றேன். நல்ல யோசனை என்று வாயால் சொல்லிவிட்டு எவன் விலை கூட்ட முடியும்? முன்பணம் இருபதாயிரம். மீதியை மேஜையைப் பார்த்துப் பேசிக்கொள்வதாக ஏற்பாடு.

மார்ச் 6, வியாழன்

ஆறு பேரும் கடைக்கு வந்தார்கள். டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார், ஒரு கணவன் மனைவி, ஓர் அண்ணன் தம்பி. எல்லாருக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. வடிவம் பேச இரண்டே கால் மணி நேரம்.

செவ்வகம் என்றால் தலைமாட்டில் யார் உட்காருவது என்று கேள்வி. வட்டம் என்றால் என் இடம் எது, உன் இடம் எது என்று கேள்வி. கணவன் பக்கத்தில் மனைவி உட்காரக் கூடாதாம். "எட்டிப் பார்ப்பாரு சார்" என்றார் மனைவி. "நான் பார்க்கறதே இவ மூஞ்சியத்தான்" என்றார் கணவன். "அதுல இருந்துதானே என் கையில என்ன சீட்டு இருக்குன்னு கண்டுபிடிக்கிறீங்க!"

நான் கல்யாணக் கட்டில் விற்றவன், பாகம் பிரித்த வீட்டுக்கு அலமாரி விற்றவன். எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன். ஆனால் வராத மேஜைக்கு இடச்சண்டை இதுவே முதல் முறை.

மார்ச் 8, சனி

வடிவம் முடிவாகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஆறு பக்கம் என்று முடிவு. ஆளுக்கு ஒரு பக்கம், யாருக்கும் தலைமாடு கிடையாது. எல்லாப் பக்கமும் சம நீளம் என்று எழுதி வாங்கினார்கள். அண்ணன் சொந்த டேப் கொண்டுவந்திருந்தார். தம்பியும் கொண்டுவந்திருந்தார். ஒருவர் டேப்பை இன்னொருவர் நம்பவில்லை. அப்பா வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாதாம். சனிக்கிழமை மட்டும் பேசுவார்கள், அதுவும் "ரெண்டு உப்பு குடு", "தர முடியாது" என்ற அளவில்.

தச்சு மேஸ்திரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொதலாளி, ஆறு மூலை வருது. மூலைக்கு ஒரு சண்டைன்னாலும் ஆறு சண்டை. பார்த்துக்குங்க."

ஏப்ரல் 10, வியாழன்

மேஜை முடிந்தது. நானே சொல்லக் கூடாது, ஆனாலும் பார்க்கப் பார்க்க அழகு. விளிம்பில் கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. பள்ளம் நான்கு அங்குலம், உள்ளே கரும்பச்சைத் துணி. அவரவர் முன்னால் கட்டைகள் வைத்துக்கொள்ளச் சின்னத் தொட்டி. டீக் குவளைக்கு விளிம்புக்கு வெளியே வளையம், கொட்டினாலும் தரையில்தான் கொட்டும்.

தேக்கு போதாமல் எங்கள் வீட்டு வாசல் கதவுக்கென்று நான்கு வருடமாகக் காயப்போட்டிருந்த பலகைகளை எடுத்துவிட்டேன். வீட்டுக்காரி கிடங்கைப் பார்த்துவிட்டு வந்து, "விளையாடறவங்களுக்குத் தேக்கு, நமக்குத் தகரக் கதவா?" என்றாள். உண்மையில் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. இந்த ஆறு பேர் எடுக்காவிட்டால் இந்த மேஜையை உலகத்தில் எவனும் வாங்க மாட்டான். உடைத்தால் முக்காலிதான் தேறும்.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். சோபாவில் ஒரு தடவை உட்கார வைத்துவிட்டால் பாதி விற்ற மாதிரி. "ஒரு சனிக்கிழமை இங்கேயே ஆடிப் பாருங்க, பிடிச்சா விலை பேசுவோம்" என்றேன். ஆடிப் பழகிவிட்டால் தொண்ணூறாயிரத்துக்குக் கீழே இறங்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 12, சனி

கடை முன்கூடத்தில் நான்கு மணி நேரம் ஆடினார்கள். ஏழு மாதமாக நடக்கும் ஆட்டத்தையே கொண்டுவந்து பரப்பிவிட்டார்கள். முடியவில்லை. மூடியைப் போட்டுவிட்டு, "அடுத்த வாரம் எடுத்துக்கறோம் சார்" என்றார் டாக்டர். வாத்தியார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நோட்டு எழுதுகிறவர் அவர்தானாம். "இனிமே இது வேணாம்" என்று நோட்டைக் கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டார்.

ஏப்ரல் 19, சனி

முடியவில்லை.

ஏப்ரல் 26, சனி

முடியவில்லை. விலை பேசலாமா என்று கேட்டேன். "ஆட்டத்து நடுவுல காசப் பத்திப் பேசாதீங்க சார், கவனம் சிதறுது" என்கிறார் கணவன். அந்த நேரம் அவர் ஒரு குதிரைக்காக மனைவியிடம் முக்கால் மணி நேரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என் மேஜை, என் கடை, என் மின்விசிறி. பேரம் மட்டும் அவர்களுக்குள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஹோட்டல்காரர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். மூடி போட்ட மேஜை பிடித்தால் நான்கு எடுப்பாராம். காலையில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே புயலடித்த வீடு மாதிரி கிடந்தது. குதிரை ஒன்று கடலில் நிற்கிறது, உப்புக் கட்டையும் செம்புக் கட்டையும் கலந்து கிடக்கின்றன, சீட்டுகளில் பாதி குப்புற, பாதி மல்லாக்க. இப்படி வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குக் காட்டுவதா?

உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுத்தம் செய்தேன். வெள்ளை வெள்ளையோடு, சிவப்பு சிவப்போடு. குதிரைகளை வரிசையாக நிறுத்தினேன். மொத்தம் நாற்பது, ஒன்றும் குறையவில்லை. தொட்டிகளைத் துடைத்தேன். சீட்டுகளைப் படவாரியாகப் பிரித்து, எல்லா முகமும் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினேன். முப்பது வருடக் கடைக்காரன் கை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. சனிக்கிழமை அந்த ஆறு பேரும் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஹோட்டல்காரர் நான்கு நிமிடம் நின்றார். "மூடிய எடுத்தா சாப்பாடு உள்ள விழுமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மே 3, சனி

கும்பிடவில்லை.

மூடியைத் திறந்தார்கள். வாத்தியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "யார் தொட்டது?" என்றார் டாக்டர்.

"நான்தாம்மா. ரொம்பக் கலைஞ்சு கிடந்துச்சு, அடுக்கி வச்சேன்."

அந்த மனைவி சிரித்தார். அப்புறம் அதே சிரிப்பிலேயே அழ ஆரம்பித்தார். சின்னப் பெண்ணா? கல்லூரிக்குப் போகும் பையன் இருக்கிறானாம். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மரக்கட்டைதானே, மறுபடி பரப்புங்களேன்" என்றேன்.

டாக்டர் கல்லா மேஜைக்குப் போய்க் கடைக் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். "இதுல இருக்கற எழுத்தையெல்லாம் வெட்டி எடுத்து, 'அ' எல்லாம் ஒரு பக்கம், 'க' எல்லாம் ஒரு பக்கம், நம்பர் எல்லாம் ஒரு பக்கம் அழகா அடுக்கி வச்சா நீங்க என்னைக் கும்பிடுவீங்களா சார்?"

ஆறு பேரும் போய்விட்டார்கள். மேஜை வேண்டாமாம். முன்பணத்தைக்கூடக் கேட்கவில்லை. காசைக் கேட்டுச் சண்டை போடுகிறவன் திரும்பி வருவான். கேட்காமல் போகிறவன் வர மாட்டான்.

மே 4, ஞாயிறு

எனக்கென்ன? ஊரில் இல்லாத குதிரை, இல்லாத உப்பு. இதற்கு ஒரு அழுகை! நான் கைவண்டியில் வாடகை நாற்காலி இழுத்த காலத்தில் எனக்கு யார் அழுதார்கள்?

வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன். "மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன்."

"எப்ப?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. விளக்கம்தான் சொல்லியிருக்கிறேன்.

"நீங்க அடுக்கி வச்ச வீட்டுல இருபத்தாறு வருஷமா நான் உப்பு தேடறேன். அவங்க வேதனை எனக்குத் தெரியும்" என்றாள்.

மே 6, செவ்வாய்

டாக்டரிடம் தனியாகப் பேச வேறு வழியில்லை, டோக்கன் வாங்கினேன். எட்டாவது ஆள். உள்ளே போனதும் "சார், நாற்காலியில சாயுங்க. வாயைத் திறங்க" என்றார். திறந்தேன். அப்புறம் மூட விடவில்லை.

ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் கொக்கி. சுரண்டிக்கொண்டே பேசினார். வாத்தியாருக்குப் போன வருடம் மனைவி தவறிவிட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வருவது சனிக்கிழமை மட்டும்தான். அண்ணன் தம்பி ஒரே அறையில் உட்காருவதும் அன்றைக்கு மட்டும்தான். "ஆட்டம் போனா புதுசா ஆரம்பிக்கலாம் சார். ஆனா இவங்க ஒரு தடவ எழுந்து போனா மறுபடி உட்கார மாட்டாங்க."

எனக்கு ஆயிரம் பதில் இருந்தது. வாயில் அவருடைய விரல் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளர் சொல்வதை முழுதாகக் கேட்டேன்.

வாயை மூட விட்டதும், "தப்பு என் மேலதாம்மா. மன்னிச்சிடுங்க. சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, அவங்கவங்க சொத்த அவங்கவங்களுக்கு நான் பிரிச்சுத் தர்றேன்" என்றேன். மரத்துப் போன உதட்டோடு சொன்னதில் பாதி எச்சிலாகத்தான் வந்தது. வருகிறோம் என்றார். கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்ததாம், அடைத்ததற்குத் தனிக் கட்டணம். தொழில் தெரிந்தவர்.

மே 10, சனி

வந்தார்கள். விறைப்பாக உட்கார்ந்தார்கள், அவரவர் பக்கத்தில்.

கடன் முற்றிக் கடை மூடிய இரண்டு பேருடைய சரக்கைக் கடன் கொடுத்தவர்களுக்கு நான் நின்று பிரித்துக் கொடுத்திருக்கிறேன். அதே முறைதான். ஆளுக்கு ஒரு தாள். தன்னிடம் என்ன இருந்தது, எந்தத் தீவு யாருடையது என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல் எழுத வேண்டும். கூட்டிப் பார்ப்பது நான்.

குதிரை மொத்தம் நாற்பது. நாற்பதும் ஆட்டத்தில் இறங்கியிருந்தன என்று வாத்தியார் சத்தியம் செய்தார். தாள்களைக் கூட்டினேன். டாக்டர் பதினைந்து, வாத்தியார் ஒன்பது, கணவன் பன்னிரண்டு, மனைவி பன்னிரண்டு, அண்ணன் ஆறு, தம்பி ஆறு. அறுபது!

"ஒரு வாரத்துல இருபது குட்டி போட்டிருக்கு" என்றேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் படித்தவர்கள். ஒருவர் ஊர்ப் பல்லைப் பிடுங்குகிறவர், ஒருவர் பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லித் தருகிறவர். மரக் குதிரைக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை இவர்களை என்னவோ என்று நினைத்திருந்தேன். அந்த நிமிடம் நம்ம ஆட்கள்தான் என்று தெரிந்துவிட்டது.

தெற்குத் தீவைக் கணவனும் எழுதியிருந்தார், மனைவியும் எழுதியிருந்தார்.

"அது என்னோடது. ஜனவரியிலேயே பிடிச்சேன்."

"பத்தொன்பது வருஷமா உங்களோட குப்பை கொட்டறேன். ஒரு தீவு விட்டுத் தர மாட்டீங்களா?"

"வீட்ட உன் பேர்ல எழுதி வச்சேனே!"

"அது வீடு. இது தீவு!"

எல்லாவற்றையும்விட என்னைத் திணற அடித்தது வடக்குத் துறைமுகம். அந்த ஆட்டத்திலேயே பெரிய சொத்து அதுதானாம். அண்ணன் தாளில் அது தம்பிக்கு என்று இருந்தது. தம்பி தாளில் அண்ணனுக்கு என்று இருந்தது. இரண்டு தாளையும் சத்தமாகப் படித்தேன். இருவரும் மேஜைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீதானே பிடிச்ச" என்றார் அண்ணன். "நீ அடுத்த சுத்துல எடுத்திருப்ப" என்றார் தம்பி. உப்பு செம்பு சம்பந்தமில்லாமல் அவர்கள் பேசி நான் கேட்டது அதுதான் முதல். நான் இருமிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். இரண்டு பேரும் எனக்கு வேண்டும் என்றால் தீர்த்துவிடலாம். இரண்டு பேரும் வேண்டாம் என்றால் எந்த வியாபாரி என்ன செய்வான்?

தீர்ப்பு: குதிரை, உப்பு, செம்பு எல்லாவற்றிலும் கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கு. டாக்டருக்குப் பத்து, வாத்தியாருக்கு ஆறு, கணவன் மனைவிக்கு எட்டு எட்டு, அண்ணன் தம்பிக்கு நான்கு நான்கு. நாற்பது சரி. தெற்குத் தீவு மனைவிக்கு, அதற்கு ஈடாகக் கணவனுக்கு இரண்டு கப்பல். துறைமுகம் அண்ணன் தம்பிக்குக் கூட்டாக.

"கூட்டா வச்சுக்க விதியில இடமில்ல சார்" என்றார் டாக்டர்.

"இல்லன்னா எழுதுங்கம்மா. அறுபது குதிரைக்கு மட்டும் விதியில இடமிருந்துச்சா?"

வாத்தியார் சிரித்தார். சத்தமாக, மூக்கால். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் சண்டையில்லாமல் மூன்று மணி நேரம் ஆடினார்கள். எல்லாருக்கும் பங்கு குறைந்துவிட்டதே என்ற வயிற்றெரிச்சல். வயிறு சமமாக எரிந்தால் அது நல்ல தீர்ப்பு.

மே 12, திங்கள்

மேஜையை டாக்டர் வீட்டு மாடியில் மேஸ்திரி இறக்கி நிறுத்திக் கொடுத்தார். ஆறு பேரும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நின்றார்கள். ஆட்டத்தை ஒரு கட்டை நகராமல் மேஜையோடேயே ஏற்றி வந்தோம், மாடிப்படி முழுக்க "மெதுவா, மெதுவா" என்று ஆறு குரல்.

ஏற்றியதும் ஒரு கோரிக்கை. மேஜை டாக்டர் வீட்டில் இருப்பதால் மற்ற ஐந்து பேருக்கும் தூக்கம் வராதாம். சனிக்கிழமை நடந்த கூட்டலுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் நம்புவதற்கில்லை. மூடியின் குறுக்கே ஒரு பித்தளைப் பட்டை, அதில் ஆறு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. ஆறு பேரும் வந்தால்தான் திறக்கும்.

"பட்டை போட்டா மேல சாப்பிட முடியாதேம்மா" என்றேன்.

"மடியில வச்சுச் சாப்பிட்டுக்கறோம்" என்றார்கள், ஒரே குரலில். இத்தனை நாளில் ஆறு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்.

மாற்றுச் சாவி யாரிடம் இருப்பது என்று மறுபடி அரை மணி நேரம். கடைசியில் வாத்தியார்தான் சொன்னார்: "சார்கிட்டயே இருக்கட்டும். அவருக்குத்தான் இதுல ஒரு குதிரை கூட இல்ல."

பேசி முடித்தது: மேஜை எழுபத்திரண்டாயிரம். முன்பணம் போக ஐம்பத்திரண்டு, இன்றே கைக்கு வந்தது. பட்டைக்கும் பூட்டுக்கும் தனியாக மூவாயிரத்து அறுநூறு, ஆளுக்கு அறுநூறு. மாற்றுச் சாவி ஆறும் என் பொறுப்பு. யார் சாவியைத் தொலைத்தாலும் நானே நேரில் வந்து திறக்க வேண்டும், வண்டிச் செலவு தொலைத்தவருடையது. திறந்த பிறகு எதையும் நான் அடுக்கக் கூடாது.