தாளடிக்கு மார்க் இல்லை

அக்கா,

அப்பாவின் பட்டாவை நகல் எடுக்க வலங்கைமான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மிஷினிலிருந்து வந்த தாள் கையில் சுட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். மாதிரி வினாத்தாள் ஜெராக்ஸ் எடுக்கும்போதெல்லாம் நீ முதல் தாளை முகர்ந்து பார்ப்பாய். "வடிச்ச சோத்து வாசன மாதிரி இல்ல?" என்பாய். "மை நாத்தம்" என்பேன் நான். கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார். இன்று என்னை மட்டும் பார்த்தார். சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன்.

உன் மகள் கயலை அந்த அறிவியல் போட்டித் தேர்வுக்குத் தயார் செய்ய நீ ஆரம்பித்தது, அவள் ஏழாவது முடித்த கோடையில். வினாத்தாளை விரித்து, நாலு விடைகளையும் உள்ளங்கையால் மூடிவிட்டு, "இப்ப கேள்விய மட்டும் படி" என்பாய். நான் கட்டிலில் படுத்து போனை நோண்டிக்கொண்டே பதிலைக் கத்துவேன். பாதி தப்பாக இருக்கும்.

"வாய மூடுறா. கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்லித்தான் காலேஜ விட்டே வந்த."

கயல் விழுந்து விழுந்து சிரிப்பாள். நீ சொன்னால் எனக்கு வலிக்காது. இரண்டாம் வருஷ இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுப் பெட்டியோடு வந்து நின்ற அன்று, ஏன் என்று கேட்காமல் தட்டு வைத்தவள் நீ ஒருத்திதான்.

அந்தத் தேர்வு உனக்கு வெறும் தேர்வில்லை. சிங்கப்பூரிலிருந்து அத்தான் வீடியோ காலில் கறாராகச் சொல்லியிருந்தார். "இதுல அவ பாஸ் பண்ணிட்டா உள்ளூர்லயே படிக்கட்டும். இல்லன்னா ஒம்போதாவதுக்கு நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்தான். அப்பறம் அழக்கூடாது." நீ அழவில்லை. அன்று சாயங்காலமே புது நோட்டு வாங்கி வந்தாய்.

அந்த நோட்டில் பாதிதான் எழுதினாய். ஆடியில் காய்ச்சல் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது உனக்கு மூச்சு வாங்கியது. "ஒளி பாடத்துல அவ வீக்கு. பாத்துக்கடா" என்றாய். சரி என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். கயல் சாப்பாட்டு ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு வருவாள். "மாமா, இதோட குழியில பாத்தா நான் தலகீழா தெரியறேன். பின்னாடி பாத்தா நேரா தெரியறேன். ஏன்?" யூடியூபில் மூன்று பேர் பேசியதைக் கேட்டேன். மூன்றும் புரியவில்லை. "அது அப்படித்தான்டி, மனப்பாடம் பண்ணு" என்றேன். அவள் ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டு, உன் நோட்டைத் திறந்து தானே படம் போட்டுப் பார்ப்பாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவேன். சுற்றிவிட்டு வந்தால் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரே ஒரு பாடத்தில்தான் எனக்கு வாய் நீளம். பயிர்ப் பாடம். நெல் காரிப் பருவப் பயிர், மழைக்காலத்தோடு சரி, குளிர்கால ராபிப் பருவத்தில் கோதுமை, கொண்டைக்கடலை, பட்டாணி என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மார்கழி மாதம். வாசலுக்கு எதிரில், குறுவை அறுத்த வயலில் ஐப்பசியில் நட்ட தாளடி பச்சைப்பசேல் என்று நிற்கிறது.

"அது என்னது?"

"நெல்லு."

"இப்ப என்ன காலம்?"

"குளிர்காலம். ஆனா புக்குல..."

"புக்கு எழுதுனவன் நம்ம வயல்ல எறங்குனானா? கண்ணு முன்னாடி நிக்கிறத நம்புடி."

அவள் வயலைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்னை நம்பினாள்.

தேர்வன்று தஞ்சாவூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். பள்ளிக்கூட வாசலில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் கடைசி நிமிஷம்வரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. "பேனா எழுதுதா?" என்று மட்டும் கேட்டேன். வெளியே வந்தவளின் முகம் தெளிவாக இல்லை. பஸ் நீடாமங்கலம் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ராபியில பயிரிடப்படாதது எதுன்னு ஒரு கேள்வி, மாமா. நெல்லுன்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்பறம் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. கொண்டக்கடலைய ஷேட் பண்ணிட்டேன். பேனாவாச்சே, அழிக்க முடியாது."

"சரியாத்தான் பண்ணிருக்க" என்றேன். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன்.

தேர்வானவர்கள் பட்டியலில் அவள் எண் இல்லை. விடைக்குறிப்பில் நெல் என்று இருந்தது. அவள் தப்பு விட்டவற்றில் எத்தனை நான் சொல்லிக்கொடுத்தவை என்று பார்க்க ஆரம்பித்து, இரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். இந்த ஒரு கேள்வியால்தான் போனது என்று சொல்ல முடியாது. இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

அத்தானுக்கு நானே போன் போட்டேன்.

"தப்பு எம்மேலதான் அத்தான். தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன். இன்னும் ஒரு வருசம் இங்க இருக்கட்டுமே."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். "நீ என்ன மாப்ள பண்ணுவ, அவ அம்மா இல்லயே" என்றார். பிறகு அவரே சொன்னார்: "சீட்டுக்குச் சொல்லிட்டேன். ஜூன்ல கொண்டுபோய் விட்டுரு."

கொண்டுபோய் விட்டேன், அக்கா. பெட்டியை வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கயல் அழவில்லை. "ஒழுங்கா சாப்புடு மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன் பேச விடுகிறார்கள். முதல் வாரமே "மாமா, ஒரு டவுட்டு" என்றாள். எனக்கு வேர்த்துவிட்டது. மறுநாளே ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் வாங்கினேன். காலேஜில் திறக்காத புத்தகங்களுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். வாராவாரம் ஒன்று கேட்கிறாள், நானும் எப்படியோ சொல்லிவிடுகிறேன். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்டாள். போனுக்கு வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "ஏய் கயலு, இத நேத்து நீதானடி எனக்குச் சொல்லிக் கொடுத்த?"

"சும்மா இருடி" என்று கயல் போனைப் பொத்துவது கேட்டது. பிறகு, "நீ சொல்லு மாமா" என்றாள்.

சொன்னேன், அக்கா. காற்று, ஈரம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முதல்முறை கேட்பது போலவே 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.