சின்னதொரையின் பறக்கும் ஸ்பீக்கர்

வியாழக்கிழமை, ராத்திரி

நான் ஓட்டுற மருந்தடிக்கிற ட்ரோன்ல கட்டச் சொல்லி, எங்க தேயிலைத் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதொரை இன்னைக்கு நிவித்திகல டவுன்ல இருந்து ஒரு ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தாரு. அதுல அவரே தன் குரலைப் பதிஞ்சிருந்தாரு. கங்காணி கத்தி நடக்காத வேலை ஆகாயத்துல இருந்து கத்தினா நடக்குமாம்.

கட்டினதும் ட்ரோன் நேராப் போகாம வட்டமடிச்சுச்சு. ஸ்பீக்கரைக் கழட்டினா ஒழுங்காப் பறந்துச்சு. கட்டினா மறுபடி சுத்துச்சு.

"சேர், ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கு. பக்கத்துலதான் ட்ரோன் திசை பாக்குற கொம்பஸ். அது கொழம்புது."

"காத்துப்பா அது. நீ அனுப்பு."

மலையில ஒரு இலை அசையல. அனுப்பினேன். சுத்திச் சுத்தி வந்து, கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த எங்கம்மா பக்கத்துலயே விழுந்துச்சு. றெக்கை ஒடஞ்சும் ஸ்பீக்கர் அடங்கல. தேயிலைக்குள்ள கெடந்து, "சுறுக்கா எடு, சுறுக்கா எடு"ன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. பொம்பளைங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்கல.

சின்னதொரை கண்டுபிடிச்ச கோளாறு என்னன்னா, ஸ்பீக்கர் சத்தம் பத்தாதாம். பெருசா ஒண்ணு வாங்கப் போறாராம். இதுக்குத்தான் இந்த ஆளு இவ்வளவு படிச்சிருக்காரு.

சோறு போடுறப்ப அம்மா கேட்டாங்க. "ஏன்டா, அது என் தலையில விழுந்திருந்தாலும் சுறுக்கா எடுன்னுதான் சொல்லியிருக்குமா?"