தங்கச்சிக்கு, மூன்று மில்லிமீட்டர் பற்றி

அச்சகத்திலிருந்து வந்த காக்கி உறையைப் பிரித்ததும் அந்த மை வாசம் முகத்தில் அடித்தது. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்த மாதிரி இருக்கிறது என்று நீ சொல்வாயே, அதே வாசம். உள்ளே ஒரு மாதிரித் தாள். தாளில் நீ. போர்ட்டிக்சன் கடற்கரையில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். நாலு பக்கமும் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்து, "தெப்பி தக் சுகுப்" என்று அச்சகத்து லிம் மலாயில் எழுதியிருக்கிறாள். ஓரம் பத்தவில்லையாம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி அனுப்பினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு வருஷத் திதி. வருகிறவர்கள் கையில் கொடுக்க நினைவு அட்டை அடிக்க வேண்டும். நாளைக்குள் ஃபைல் சரியாகப் போகவில்லை என்றால் ஞாயிறு அன்று அட்டை இல்லை. இந்த வட்டாரத்தில் செத்துப்போன அத்தனை பேருக்கும் அட்டை செய்து கொடுத்த வீடு இது. உனக்கு மட்டும் இல்லாமல் போய்விடும். இது தெரிந்தும் இரண்டு நாளாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன், எழுந்து போகிறேன். உடம்பு அசதியா மனசு அசதியா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாம் லாபுத் தோட்டத்தை விட்டு இந்த வீட்டுக்கு வந்த பிறகும் நான் செம்பனை நாற்றுமேடையில் பைக்கு மண் அள்ளிப் போடும் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் படித்தவள். சிறுநீரகம் கெட்டு, நீலாய் டவுனில் பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் வைத்தாய். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதி அட்டை. வாரத்தில் மூன்று நாள் சிரம்பானில் டயாலிசிஸ். அந்த நாட்களில் யார் வேலை பார்ப்பது என்று வந்தபோது என்னைப் பார்த்தாய்.

"எனக்கு ஆறாங்கிளாஸோட சரிடி," என்றேன்.

"தமிழ் படிக்கத் தெரியும்ல? லிம்முக்கு அதுகூடத் தெரியாது. வந்து உட்காருக்கா."

உட்கார்ந்தேன். மண் அள்ளின கை மௌஸைப் பிடித்து நசுக்கியது. திரையில் எரிகிற சிவப்பு, மையில் அப்படியே வராது, அச்சுக்கான நாலு நிறத்துக்கு மாற்றிப் பார் என்றாய். அனுப்புவதற்கு முன்னால் எழுத்தையெல்லாம் படமாக மாற்றிவிடு, லிம் மெஷினில் நம் எழுத்து இருக்காது என்றாய். எல்லாம் தலையில் ஏறியது. பிளீட் மட்டும் ஏறவில்லை. தாளின் ஓரம் வரை நிறம் வர வேண்டுமென்றால், வெட்டுகிற கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் படம் நீள வேண்டும். அதை வெட்டிப் போட்டுவிடுவார்கள். போடப்போவதை எதற்கு வைக்க வேண்டும்?

அந்தக் கோயில் திருவிழா அழைப்பிதழ் ஞாபகம் இருக்கிறதா? அட்டை முழுக்க அம்மன். நீ டயாலிசிஸுக்குப் போன நாள், நான் தனியாக ஃபைலைப் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே அம்மனின் சூலத்து நுனி ஒரு பக்கம், பாதத்து விரல் ஒரு பக்கம். சாமி மேல் கத்தி படுவதா? மனசு கேட்கவில்லை. படத்தைச் சுருக்கிக் கோட்டுக்குள் சரியாக அடக்கி, கும்பிட்டுவிட்டு அனுப்பினேன். அந்த நேரம் பார்த்து லிம்மும் கவனிக்கவில்லை.

அச்சாகி வந்த அழைப்பிதழில் இரண்டு பக்கம் வெள்ளை வெள்ளையாக ஓரம் தெரிந்தது. கோயில் தலைவர் வாசலில் நின்றே கத்தினார்.

"என்னம்மா இது? ஆத்தாவுக்கு வேட்டி கட்டி, கரை வச்சு அனுப்பியிருக்கீங்க?"

நீ சிரித்துவிட்டாய். அவருக்கும் சிரிப்பு வந்து, அதை மறைக்க இன்னும் கத்தினார். திரும்ப அடிக்க நாள் இல்லை. நீயும் நானும் தரையில் உட்கார்ந்து, ஸ்டீல் ரூலரை வைத்து, ஐந்நூறு அழைப்பிதழின் வெள்ளை ஓரத்தையும் பிளேடால் வெட்டினோம். சூலத்து நுனியும் விரலும் என் கையாலேயே போயின.

"ஒரு வெட்டுக்குப் பயந்தியே, இப்ப ஐந்நூறு வெட்டு வெட்டுலா," என்றாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய்: "மெஷின் கத்தி ஒரே இடத்துல விழாதுக்கா. ஒரு முடி அளவு அங்க இங்க நகரும். போறதுக்குன்னு கொஞ்சம் விட்டாத்தான் இருக்கிறது ஒழுங்கா இருக்கும்."

அதற்குப் பிறகு நான் தப்புச் செய்ததே இல்லை. நீ போன பிறகும் இல்லை. அப்பா செத்தவன், பிள்ளை செத்தவள் என்று யார் யாரோ கைப்பேசியில் படத்தைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். கூட்டத்திலிருந்து அந்த ஒரு ஆளைப் பிரித்து எடுத்து, பின்னால் மேகம் போட்டு, ஓரத்தை நீட்டி அனுப்புகிறேன். கை தானாக ஓடுகிறது. கண்தான் எரிகிறது. உன் ஃபைலைத் திறந்தால் மட்டும் கை ஓடமாட்டேன் என்கிறது.

உன்னுடைய பெரிய படம் இது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் கைப்பேசி வழியாகச் சுருங்கி வந்தவை, பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. இதில் நீ தூரத்துக் கப்பலைக் காட்டி இடது கையை நீட்டிக்கொண்டிருக்கிறாய். காற்றில் சட்டைக் கை மேலே ஏறியிருக்கிறது. டயாலிசிஸ் ஊசி போடும் இடம் கயிறு கயிறாகப் புடைத்துத் தெரிகிறது. உன் விரல் நுனியோடு படம் முடிகிறது. பிளீட் கொடுக்க வேண்டுமென்றால் படத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் கத்தி அந்தக் கையில் விழும்.

வாரத்துக்கு மூன்று நாள், எத்தனை வருஷம் அந்தக் கையில் குத்தினார்கள். நான் துணைக்கு வந்த நாட்களில், ஊசி ஏறும்போது அந்தக் கையாலேயே என் விரலைப் பிடித்துக்கொள்வாய். இன்னும் ஒரு கத்தி அதில் படவேண்டாம் என்றுதான் கோட்டோடு படத்தை நிறுத்தி அனுப்பினேன்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலையில் லிம்முக்குப் போன் போட்டேன். அவள் பேசுகிற மலாயும் நான் பேசுகிற மலாயும் அரைகுறை. அக்கா என்பதற்கு என்னைக் காக் என்பாள்.

"காக், சுற்றிக் கட்டம் போட்டுடு. ஓரப் பிரச்சனையே இல்லை," என்றாள்.

"அவளுக்குக் கட்டம் பிடிக்காது." செத்தவங்களைக் கட்டத்துக்குள்ள அடைக்காதே என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்வாய்.

"அப்போ கை போகட்டும் லா."

பிறகு அவளே சொன்னாள்: "என் கடைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வச்சுக்கிட்டுத்தான் நிப்பா. ஃபைலை வலது கையாலதான் குடுப்பா. நீ கவனிச்சதில்லையா?"

கவனித்திருக்கிறேன். வெயில் காலத்திலும் நீளக் கை சட்டை போட்டாய். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் வந்தால் துப்பட்டாவை இறக்கி மூடுவாய். "இதைப் பார்த்தா எல்லாரும் என் மூஞ்சியப் பார்க்கிறதை நிறுத்திடுறாங்கக்கா," என்று ஒருநாள் சொன்னாய். அந்தக் கையைத்தான் ஊருக்கெல்லாம் கொடுக்கிற அட்டையில் நான் காப்பாற்றி வைக்கப் பார்த்தேன்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். முதலில் கோடு சரியாக அந்தப் புடைப்பின் நடுவில் வந்து நின்றது. அங்கே நிறுத்த முடியாது. இன்னும் இழுத்தேன். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, தோள் வந்ததும் நிறுத்தினேன். மூன்று மில்லிமீட்டரை அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. அனுப்பிவிட்டேன். "ஓகே காக், ஜாலான்," என்று பதில் வந்தது. மெஷினில் ஏற்றுகிறாளாம்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"மூஞ்சி தெளிவா இருக்கு. எப்ப எடுத்தது? அவளுக்கு உடம்பு கெடறதுக்கு முன்னாடியா?"

"ஆமாம்மா," என்றேன்.

பொய்தான். அம்மா திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, சோறு பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனார். ஃபைலை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை முழுவதும் தெரிகிற மாதிரி விரித்துப் பார்த்தேன். என் ஃபைலில் படம் முழுசாகத்தான் இருக்கிறது. பக்கத்துக்கு வெளியே, அச்சில் ஏறாத இடத்தில், உன் கை நீண்டு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உன் முகத்தைக் கொண்டுபோகட்டும். ஊசி ஏறும்போது என் விரலை நெரித்த கை எனக்கு இருக்கட்டும்.

அக்கா.