பூமாரி பொழியாத நாள்

என்னைவிட என்னை அறிந்த அண்ணா,

நீங்கள் மறைந்து ஓராண்டு நிறையுமுன், நீங்கள் உழைத்த நிறுவனம் தன் வரலாற்றை நூலாக அச்சிட்டிருக்கிறது. வெளியீட்டு விழாவில் தமிழுரை ஆற்ற என்னையே அழைத்திருக்கிறார்கள்.

நூலை இருமுறை புரட்டினேன். இரத்மலானைத் தகரக் கொட்டகையில், வாடகைக்கு எடுத்த ஒற்றை உலங்குவானூர்தியோடு தொடங்கிய கதை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளைச் சிகிரியாவுக்குச் சுமந்ததும், நோயாளரைக் கொழும்புக்குக் கொணர்ந்ததும், கோயில்களுக்குப் பூமாரி பொழிந்ததும் இருக்கின்றன. முதல்நாள் தொட்டு அந்த இயந்திரங்களைச் சோதித்து, பறக்கத் தகுமென்று கையொப்பமிட்ட நீங்கள் இல்லை.

நூலோடு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த மேலாளர், உங்கள் படத்துக்கு நேர்கீழே அமர்ந்து தேநீர் பருகினார். "ஐயா, இவ்வளவு காலத்தில ஒரு விபத்தும் இல்லை. அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கோ" என்றார். படத்தில் இருப்பவர் யாரென்று கேட்கவில்லை.

விபத்து ஏன் இல்லை, அண்ணா?

கொட்டாஞ்சேனைக் கோயிலின் குடமுழுக்கு நாளில் ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. வானிலிருந்து மலர் பொழியும் என்று மூன்று நாளாக முழங்கியவனும் நானே. நேரம் கடந்தது. உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கியர்பொக்ஸ் எண்ணெயில இரும்புத்தூள் கிடக்குதடா. நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"அண்ணை, சனமெல்லாம் மேல பாத்துக்கொண்டு நிக்குது. என்ர மானம் போகுது."

"உன்ர மானத்தை நாளைக்கு ஒட்டலாம். இது விழுந்தா சனத்தின்ர தலையிலதான் விழும்."

நான் என்ன செய்தேன்? "ஒரு கோழையின் கை நடுங்கியதால் இன்று இறைவனுக்கு மலர் இல்லை" என்று முழங்கினேன். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் உங்கள் முதலாளியும் தட்டினார். அடுத்த கிழமை உங்களைப் பணியிலிருந்து விலக்கிய கடிதத்தில், என் சொற்களையே சான்றாக வைத்தார்கள்.

பிறகு அந்தக் கியர்பொக்ஸைத் திறந்தபோது உள்ளே பற்சில்லு பிளந்திருந்ததாம். உங்களைத் திரும்ப அழைத்தார்களா? நானாவது மன்னிப்புக் கேட்டேனா? ஒருநாளேனும் நீங்கள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம், அண்ணா. என் வாய் அன்றே திறந்திருக்கும்.

வரும் ஞாயிறு, கொள்ளுப்பிட்டியில் விழா. உறுதி தருகிறேன்: மேலாளர் கேட்டபடியே விபத்தில்லா வரலாற்றை அழுத்திச் சொல்வேன்; அது யாரால் வாய்த்தது என்பதை உங்கள் பெயரோடு சொல்வேன். உங்களைக் கோழை என்றவன் எவனென்றும் அதே மேடையில் சொல்வேன். அதன்பின் எவரும் என்னைப் பேச அழைக்காவிட்டால், அதுவே எனக்குத் தகும்.

காலந்தாழ்த்தி வாய் திறக்கும்
உங்கள் ஒரே தம்பி