கள்ளக்கடல் வந்த புதன்கிழமை

மழை தொடங்குமுன் பரணைச் சுத்தம் செய்துவிடலாம் என்று நேற்று ஏணியில் ஏறினேன். பழைய மின்விசிறிக்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. முடிச்சை அவிழ்த்ததும் முதலில் வந்தது வாசம்தான். உப்பும் பாசியும் கலந்து, காய்ந்த பிறகும் போகாமல் கிடந்த கடல் வாசம். உள்ளே நீ மஸ்கட்டிலிருந்து எனக்கு வாங்கி வந்த சாம்பல் நிற ஷூ. ஏணிப் படியிலேயே உட்கார்ந்து அதைக் கவிழ்த்துப் பிடித்தேன். அந்தக் கடற்கரையின் மணல் என் மடியில் கொட்டியது. 

இரண்டு ஜோடி வாங்கியிருந்தாய், உனக்கும் எனக்குமாக. "செருப்புப் போட்டுட்டு என்கூட நடக்க வராத. பாதியில வலிக்குதுன்னு உக்காந்துருவ" என்றாய். தக்கலைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த காலத்திலேயே நீ என்னை இப்படித்தான் அறிந்து வைத்திருந்தாய். பிளஸ் டூ முடிந்ததும் நீ நர்ஸ் படிப்புக்குப் போனாய், அங்கிருந்து மஸ்கட்டுக்கு. நான் கல்யாணம், மகள், தாலுகா அலுவலக வேலை என்று இங்கேயே இருந்துவிட்டேன். உன் சம்பளத்தில் உன் தம்பிகள் படித்தார்கள், உன் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிற்று. உன் கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "இந்த லீவு போகட்டு" என்று சிரித்துவிட்டு விமானம் ஏறிவிடுவாய். இருபது வருஷத்துக்கும் மேல் அப்படியே போய்விட்டது.

நடக்கும் பழக்கம் உனக்கு அங்கேதான் வந்தது. அறையில் ஆறு கட்டில், அழக்கூட இடமில்லை, அதனால் வெள்ளிக்கிழமைகளில் துறைமுகத்துக்கு இறங்கிவிடுவேன் என்று ஒருமுறை போனில் சொன்னாய். கைடு இல்லை, டாக்ஸி இல்லை. போன் மேப்பில் பார்க்க வேண்டிய இடங்களுக்குப் புள்ளி வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் போகிற போக்கில் போவாய். கோட்டை, மீன் சந்தை, படகு கட்டும் இடம், பழைய வியாபாரிகளின் வீடுகள். "வழி தப்பினா தப்பட்டு. கடலு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும், திரும்பி வந்துரலாம்" என்பாய். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது கை நிற்கிறது.

வேலையை விட்டுவிட்டு நீ ஒரேயடியாக ஊருக்கு வந்தது மார்ச்சில். கட்டி முடித்த புது வீட்டில் பால் காய்ச்சி ஜெபம் பண்ணினோம். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு என்னிடம் சொன்னாய்: "ஏட்டி, எந்தெந்த ஊரு துறைமுகமெல்லாமோ நடந்து பாத்தாச்சு. நம்ம குளச்சல பாக்கல்ல. பஸ்ஸுல அந்தப் பக்கமாப் போயிருக்கோம், அவ்வளவுதான். ஒரு நாளு முழுசா நடப்போம், வாறியா?"

வருகிறேன் என்றேன். மே மாதத்தில் ஒரு புதன்கிழமை. நான் லீவு எழுதிக் கொடுத்தேன்.

திங்கள்சந்தை வழியாகப் பஸ் போகும்போதே எனக்கு வியர்த்து ஊற்றியது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் காற்று இல்லை. தென்னை ஓலைகள் படத்தில் வரைந்தவை போல நின்றன. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. "நல்ல நாளாப் பாத்துதான் எடுத்திருக்கோம்" என்று நீ சொன்னாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பஸ் நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியே இறங்கினோம். பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் பால் சேர்க்காத சுலைமானி டீ குடித்தோம். ஒவ்வொரு வீட்டு மரக்கதவையும் நின்று பார்த்தாய், ஒரு கதவின் பித்தளைக் குமிழைத் தடவிக்கூடப் பார்த்தாய். பிறகு வெற்றித்தூண். டச்சுக்காரனைத் திருவிதாங்கூர் படை தோற்கடித்த கதையை நான் பள்ளிப் பாடத்திலிருந்து ஒப்பித்தேன். நீ அதைக் கேட்கவில்லை. தூணுக்கு அப்பால் தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என்னட்டி, கடலு கொளம் மாதிரி கெடக்கு?"

அலையே இல்லை. கரையில் வந்து மோதும் சத்தமும் இல்லை. எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் பளபளத்துக் கிடந்தது. நாம் அதை அழகு என்று எடுத்துக்கொண்டோம். அதைப் பின்னால் வைத்து உன்னைப் படம் எடுத்தேன். அந்தப் படத்தை இப்போது நான் திறப்பதில்லை. நீ சிரிக்கிறாய், உன் தோளுக்குப் பின்னால் அது அசையாமல் நிற்கிறது.

கடலோரத் தெருவுக்குள் நுழைந்தபோதுதான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வேலை நாள், ஆனால் ஆண்கள் பலர் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்கள். பெண்கள் காயப்போட்ட நெத்திலியைப் பாயோடு சுருட்டிக்கொண்டிருந்தார்கள், வெயில் அப்படிக் காய்ந்துகொண்டிருக்கும்போது. ஒரு வீட்டிலிருந்து டிவியைப் போர்வையில் சுற்றி மேட்டுத் தெருவுக்குத் தூக்கிப் போனார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. மாதா கோயில் மைக்கில் அறிவிப்பு ஒன்று எதிரொலியோடு வந்தது. பெருநாள் அறிவிப்பாக இருக்கும் என்று நீ சொன்னாய்.

சுருட்டிய பாயோடு வந்த ஒரு அம்மாவிடம், துறைமுகத்துக்கு இப்படிப் போகலாமா என்று கேட்டாய்.

அவர் நம் இரண்டு பேரின் ஷூக்களையும் பார்த்தார். "எங்க ஊரு மக்களே?"

"தக்கலை."

"பாத்துட்டு வேகம் திரும்பிருங்க. கல்லு பக்கம் போவாண்டாம். கடலு தண்ணிய உள்ள இழுத்து வலிச்சிருக்கு."

"காத்தே இல்லையே அம்மா" என்றாய்.

"காத்தும் வேண்டாம், மழையும் வேண்டாம். சத்தமில்லாம வரும், உள்ளதெல்லாம் எடுத்துட்டுப் போவும். கள்ளக்கடலு."

அந்த வார்த்தையை நான் செய்தியில் கேட்டிருக்கிறேன். எங்கோ தெற்கே, கண்ணுக்கு எட்டாத கடலில் அடிக்கிற புயலின் வேகம் தண்ணீருக்கடியில் நடந்து வந்து இங்கே கரையேறும் என்று. செய்தியில் கேட்பது வேறு. அந்த அம்மா அதைச் சொல்லும்போது கடலுக்கு முதுகைக் காட்டாமல் நின்றார். அவர் போன பிறகு நான் உன் கையைப் பிடித்தேன். "திரும்பிருவோமாட்டி?" என்றேன். துறைமுகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோம், கல் பக்கம் போக வேண்டாம் என்று நீயும் ஒத்துக்கொண்டாய். அவர் பேச்சை நீ அலட்சியம் செய்யவில்லை. இதை உன் தம்பிகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

துறைமுகத்தில் எல்லாப் படகுகளும் கரை சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கயிறு. ஏலக்கூடம் கழுவிவிட்டாற்போல் கிடந்தது, ஒரு மீன் செதில் இல்லை, ஒரு காக்கை இல்லை. தூண்களில் சாய்ந்து நின்ற ஆண்கள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஒரு இடத்திலும் நாம் பத்து நிமிஷத்துக்குக் குறைவாக நின்றதில்லை. அங்கே சீக்கிரமே வெளியே வந்துவிட்டோம்.

திரும்பும் பாதை கரையோரமாக வளைந்தது. அங்கிருந்து கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய தூண்டில் வளைவு நீண்டு கிடந்தது. அதன் கடைசி முனையில் மூன்று பெண் பிள்ளைகள், கல்லூரி வயசு, மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏலக்கூடத்திலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் திரும்பிக் கையசைத்தார்கள், விளையாட்டு என்று நினைத்து.

நீ நின்றுவிட்டாய்.

"ஏட்டி, அங்கின கறுப்பாத் தெரியுத கல்லு, இப்பதான் தண்ணிக்குள்ள கெடந்துது."

பார்த்தேன். பாசி படர்ந்த கற்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன, யாரோ கீழிருந்து தண்ணீரை உறிஞ்சுவதுபோல. நண்டுகள் திசை தெரியாமல் ஓடின. கடல் நம்மை விட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தது, அப்போதும் சத்தமில்லாமல்.

பையை என் கையில் திணித்துவிட்டு நீ கல்லின்மேல் ஏறினாய்.

"போவாதட்டி! ஆளுவ வாறாங்க!" என்று கத்தினேன். ஏலக்கூடத்திலிருந்து ஆட்கள் ஓடி வரத்தான் செய்தார்கள், ஆனால் வெகு தூரத்தில்.

ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். "பிள்ளையளுட்டி" என்றாய். அவ்வளவுதான். உன் வயதில் யாரும் அப்படிக் கல்லுக்குக் கல் தாவி ஓடி நான் பார்த்ததில்லை.

உன் சத்தம் கேட்டு இரண்டு பிள்ளைகள் ஓடி வந்தார்கள், உன்னைக் கடந்து, என்னையும் கடந்து. மூன்றாவது பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். அவள் கால் கல்லிடுக்கில் மாட்டியிருந்தது. நீ அவள் முன்னால் முழங்காலிட்டாய். அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாய். அவளைப் பார்த்து ஏதோ சொன்னாய். உன் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது.

வந்ததை அலை என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. நுரை இல்லை, சுருள் இல்லை. முழுக் கடலும் அப்படியே உயர்ந்து நடந்து வந்தது. கால் விடுபட்ட பிள்ளையை நீ இடுப்பைப் பிடித்து மேல் கல்லில் ஏற்றினாய். அவள் அதைக் கட்டிக்கொண்டாள். நீயும் ஏறுவதற்குள் தண்ணீர் கல்லின் மேல் ஏறிவிட்டது. அது வடிந்தபோது பிள்ளை அங்கே இருந்தாள். உன்னைக் காணவில்லை. நான் நின்ற இடத்தில் முட்டளவு தண்ணீர் ஓடியது. உன் பை என் கையில் இருந்தது.

அந்தக் கடலிலும் ஒரு வள்ளம் இறக்கினார்கள், தெரியுமா? வேண்டாம் வேண்டாம் என்று பெண்கள் கரையில் நின்று அழ, நான்கு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். உன் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. "அந்த அக்கா, அந்த அக்கா" என்று சொல்லித்தான் தேடினார்கள். இருட்டும்வரை தேடினார்கள். மறுநாள் காலை மேற்கே அடுத்த ஊர்க் கரையில் நீ கிடந்தாய். ஒரு ஷூ காலில் இருந்தது. அதை வைத்துத்தான் முதலில் தெரிந்துகொண்டேன், பிறகே முகத்தைப் பார்த்தேன்.

பால் காய்ச்சிய அதே ஹாலில் உன்னைக் கிடத்தினோம். உன் மூத்த தம்பி எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டான்: "எதுக்கு அங்க கூட்டிட்டுப் போன?" என்னைக் கூட்டிப் போனது நீ என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு அப்போது யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. இப்போது அவன் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்திப் பேசுகிறான். கடல் பற்றி நாங்கள் பேசுவதில்லை. எனக்கும் இந்த மாவட்டத்தில் கடல் கண்ணில் படாமல் போக முடிவதில்லை. பஸ் மேடேறி இறங்கும் ஏதாவது ஒரு வளைவில் தெரிந்துவிடுகிறது. பொங்கிக் கொந்தளித்துக் கிடந்தால் நிம்மதியாகப் பார்க்கிறேன். அமைதியாகக் கிடக்கும் நாள்களில் அடுத்த நிறுத்தம் வரை கண்ணை மூடிக்கொள்கிறேன்.

நீ கல்லில் ஏற்றிவிட்ட அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள், மழைக்காலம் முடிந்த பிறகு, அப்பாவோடு. அஞ்சுகிராமத்துக்காரர்கள்.  அப்பா கொண்டுவந்த வாழைக்குலையைச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். பிள்ளை இன்னும் லேசாகக் காலை இழுத்து நடக்கிறாள். காபியைத் தொடாமல் அவள் கேட்டாள்:

"ஆன்ட்டி, அவங்க என்னைப் பாத்து என்னமோ சொன்னாங்க. பயத்துல எனக்குக் கேக்கல்ல. உங்களுக்குக் கேட்டுதா?"

"இல்ல மக்களே. எனக்கும் கேக்கல்ல."

"திட்டினாங்களா இருக்குமோ?"

"திட்டியிருக்க மாட்டா" என்றேன்.  பொய்யாக ஒரு வார்த்தையை உன் வாயில் வைத்து அவளுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை. அது என்னவாக இருந்தாலும் நீ அவளுக்கென்று சொன்னது.

கிளம்பும்போது அவர்களை வழியனுப்ப வாசல் வரை வந்தேன். அப்பா முன்னால் ரோட்டைக் கடந்துவிட்டார். பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் காலை வைத்தாள். வளைவில் களியக்காவிளைப் பக்கமிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

"நில்லுட்டி!"

என்னிடமிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. அலுவலகத்தில் நான் பேசினால் அடுத்த மேசைக்குக் கேட்காது, உனக்குத் தெரியும். எதிர்க் கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். பிள்ளை அப்படியே காலைப் பின்னால் எடுத்து நின்றாள். லாரி போயிற்று. அவள் திரும்பி என்னைப் பார்த்து, தலையை ஆட்டினாள். கேட்டது என்று.

அதிலிருந்து இப்படி ஆகிவிட்டேன். பஸ் படியில் தொங்குகிறவன், கிணற்றுச் சுவரில் சாய்கிற குழந்தை, குளத்துக் கடைசிப் படியில் நிற்கிற பெண், யாரைக் கண்டாலும் தொண்டை தானாகத் திறந்துகொள்கிறது. சிலர் திட்டுகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். "அம்மா, ஊருக்கே கேக்குது" என்று மகள் வெட்கப்படுகிறாள்.

கேட்கட்டும் என்றுதான் கத்துகிறேன்.