ஒரே திரு. கோஸ்லிக்கை இருவராக மதிப்பிட்டது குறித்து

அனுப்புநர்:
டெலியா ஹால்பர்ன்,
வீடு 4-டி, வாண்டர்மீர் கலைஞர் குடியிருப்பு,
புரூக்ளின், நியூயார்க்.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
வாண்டர்மீர் கலைஞர் குடியிருப்பு ஆட்சிக்குழு,
புரூக்ளின், நியூயார்க்.

பொருள்: 4-சி வீட்டில் வசிக்கும் சித்திரக்கதை ஓவியர் திரு. வால்டர் கோஸ்லிக்குக்குக் கலைஞர் சான்று மறுக்கப்பட்டது – மறுஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் திரு. கோஸ்லிக்கின் பக்கத்து வீட்டில் இருப்பவள், உறவினள் அல்லள். அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். என் கவிதைத் தொகுப்பு ஒன்று வெளியாகியுள்ளது. அதை வைத்துத் தங்கள் குழு ஒரே அமர்வில் என்னைக் கலைஞர் என ஏற்றுக்கொண்டது, அதற்கு நன்றி. அந்நூலை வாங்கியவர்களில் பெரும்பாலோரை எனக்கு நேரிலேயே தெரியும் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

2. திரு. கோஸ்லிக் முப்பது ஆண்டுகளாக மாத இதழ்களுக்குச் சித்திரக்கதை வரைகிறார். வழக்கமான ஓவியருக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம், பதிப்பாளரோடு சண்டை என்று எது வந்தாலும் அந்த மாத இதழ் இவர் மேசைக்கு வந்துவிடும். சான்று இல்லாதவர் நம் குடியிருப்பில் இருக்க முடியாது என்பது விதி. எனவே அக்டோபர் இறுதிக்குள் வீட்டைக் காலி செய்யுமாறு அவருக்கு உத்தரவு வந்துள்ளது. வடக்கு ஜன்னலுக்குக் கீழே கிடக்கும் அந்த மேசையைத் தவிர அவருக்கு வேறு பணியிடம் இல்லை.

3. இந்த மறுப்பு நேர்ந்த விதம் பின்வருமாறு. இத்தொழிலில் ஒருவர் பென்சிலால் வரைவார். பெரும்பாலும் வேறொருவர் அதன்மேல் மை தீட்டுவார். முதல் பக்கத்தில் இருவர் பெயரும் அச்சாகும். திரு. கோஸ்லிக் சில இதழ்களில் இரண்டையும் தானே செய்வதால் அவர் பெயர் இரண்டு முறை வரும். அவர் சமர்ப்பித்தது அப்படிப்பட்ட ஓர் இதழ். அதைப் பார்த்த தங்கள் அலுவலக எழுத்தர், பென்சில் கோஸ்லிக்குக்கு ஒரு கோப்பும் மை கோஸ்லிக்குக்கு ஒரு கோப்பும் திறந்து, இரண்டு துணைக்குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்.

தவறைச் சுட்டிக்காட்டும்படி நான் திரு. கோஸ்லிக்கிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. “ரெண்டு சீட்டு வாங்கினா ஒண்ணாவது அடிக்காதா, கவிஞரே?” என்றார். இதில் அவர் பக்கமும் பிழை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

4. விசாரணை நாளில் துணைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் அறையில், வரைகலைத் துணைக்குழுவின் திருமதி வின்ஸ்லோ அவருடைய மூலப் பக்கங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“மிஸ்டர் கோஸ்லிக், பென்சில் வேலைன்னு போட்டிருக்கீங்க. பென்சிலே காணோமே?”

“அழிச்சிட்டேன் மேடம்.”

“ஏன் அழிச்சீங்க?”

“மை காஞ்சதும் அழிச்சிடணும் மேடம். இல்லேன்னா அச்சுல அழுக்கா விழும்.”

“அப்போ நாங்க எதைத்தான் பாக்கறது?”

“ரப்பர் தூள் இருக்கு. கொண்டாந்து காட்டட்டுமா?”

யாரும் சிரிக்கவில்லை.

5. இரண்டாவது அறையில், வண்ணக்கலைத் துணைக்குழுவின் திரு. பார்ட்லெட் மிகுந்த பரிவோடு பேசினார். “இன்னொருத்தர் போட்டுக் குடுத்த கோட்டு மேலதானே நீங்க போறீங்க? இதுல உங்க சொந்தச் சரக்கு எது?”

“கோடு போட்டதும் நான்தான் சார்.”

“அது எங்க கோப்புல இல்லையே. சரி, அந்தப் பென்சில்காரர் ஆளு எப்படி?”

இந்த இடத்தில் திரு. கோஸ்லிக் பொறுமை இழந்தார். “அந்தாளா? ரொம்ப சுமார் சார். குதிரை வரையவே வராது. மாசாமாசம் நான்தான் அவன் மானத்தைக் காப்பாத்துறேன்” என்றார்.

6. எழுத்தர் இதை அப்படியே குறித்துக்கொண்டார். பிறகு, சக ஓவியர் ஒருவரின் சாட்சியம் என்ற தலைப்பில் அது முதல் கோப்பில் சேர்க்கப்பட்டது. தீர்ப்புகள் இரண்டும் என் முன்னே இருக்கின்றன. விண்ணப்பதாரரின் பென்சில் வேலை எதுவும் கிடைக்கவில்லை என்றும், அது தரம் குறைந்தது எனத் தெரிந்தவர்கள் கூறுவதாகவும் முதல் தீர்ப்பு சொல்கிறது. பிறர் வரைந்த கோடுகளின் மேல் தடவுவது கலை ஆகாது என்கிறது இரண்டாவது. கிடைக்காத கோடுகளின் மேல் ஒருவர் எப்படித் தடவினார் என்பதை இரண்டுமே விளக்கவில்லை.

7. தகுதியை மதிப்பிடுவதே தங்கள் பணி என்பதால், இந்தக் கோடையில் அவர் வீட்டு நடையில் அடுக்கியிருந்த இதழ்களை எடுத்துவந்து படித்தேன். அவர் மேதை என்று நான் வாதாட வரவில்லை. குதிரைகளைப் பற்றி அவர் சொன்னது உண்மை. கால்களைப் புழுதியில் மறைத்துவிடுகிறார். கூட்டத்தில் நிற்பவர்கள் எல்லோரும் அண்ணன் தம்பிகள் போல இருப்பார்கள். அவர் பாணி இது என்று விரல் வைத்துக் காட்ட என்னால் முடியவில்லை. மற்றவர் பாணிக்குள் தெரியாமல் நுழைந்து வெளிவருவதற்காகத்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் யார் எங்கே நிற்கிறார், கதவு எந்தப் பக்கம், அடி யார்மேல் விழுந்தது என்று எந்தப் பக்கத்தையும் இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருந்ததில்லை. துப்பறியும் கதை ஒன்றின் மூலையில், மழையில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண். கதைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மற்றக் காலின்மேல் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை அங்கே நிறுத்தியவர் பென்சில் கோஸ்லிக். அவளை நனைத்தவர் மை கோஸ்லிக். நான் படித்த எத்தனையோ நாவல்களின் மழை என்னை இவ்வளவு நனைத்ததில்லை. அவரிடம் இதைச் சொன்னபோது, “மழை போட்டா பின்னாடி கட்டடம் போட வேணாம்மா, வேலை மிச்சம்” என்றார். அவர் சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. தாங்களும் ஏற்க வேண்டியதில்லை.

8. ஆகவே இரு கோப்புகளையும் ஒன்றாக்கி, அவர் தன்னைப் பற்றிச் சொன்ன கேலியைச் சாட்சியத்திலிருந்து நீக்கி, வேலையை மட்டும் பார்த்து ஒரே குழு தீர்ப்பளிக்கவும், அதுவரை வெளியேற்றத்தை நிறுத்திவைக்கவும் வேண்டுகிறேன். இரு கோப்புகள், இரு விசாரணைகள், இரு தீர்ப்புகள் என்று நடந்த இவ்விஷயத்தில், காலி செய்யும் உத்தரவு மட்டும் ஒன்றே ஒன்றாக, வால்டர் கோஸ்லிக் என்ற ஒரே மனிதருக்கு வந்திருக்கிறது. தங்கள் அலுவலகத் தாள்களில் உண்மையைச் சரியாகச் சொல்வது அது ஒன்றுதான். மற்றத் தாள்களையும் அதற்கேற்பத் திருத்தித் தந்தால், அந்த உத்தரவை ரத்து செய்ய வழி பிறக்கும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
டெலியா ஹால்பர்ன்
(ஒப்பம்)

இடம்: புரூக்ளின்
நாள்: 3 அக்டோபர் 1983