முன்வீட்டிலிருந்து வந்த கரண்ட்

காக்கா,

உங்கள் பியூஸ் கட்டை இப்போது என் உள்ளங்கையில் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான், ஒரு பக்கம் தேநீர் சிந்தியதுபோலப் பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய ரப்பர் வாசனை. உங்கள் விறாந்தைச் சுவரில், மீட்டருக்குக் கீழே, மரப்பலகையில் இத்தனை காலம் குந்திக்கொண்டிருந்த சாமான். மெல்லிய கம்பி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்றைச் சேர்த்து, சின்னப் பெண்பிள்ளையின் தலைமயிரைப்போல அழகாகப் பின்னியிருக்கிறீர்கள். கணக்கு வாத்தியாருக்குப் பின்னல் எங்கே பழக்கம் என்று நான் கேட்டிருப்பேன். "வாய மூடு மாப்புள, ஊட்டுக்குக் கரண்ட் வருதா, இல்லியா?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

வந்தது காக்கா. வரக்கூடாத அளவுக்கு வந்தது.

நாம் இரண்டு பேரும் இந்த வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்கள். மூத்தவளைக் கட்டிய நீங்கள் எனக்குக் காக்கா, அண்ணன் முறை. மூத்த மகளுக்கு முன்வீடு, இளைய மகளுக்குப் பின்வீடு என்று மாமா பிரித்துக் கொடுத்தார். கரண்டை மட்டும் பிரிக்கவில்லை. வீதிக் கம்பத்திலிருந்து உங்கள் விறாந்தைக்கு வந்த கரண்ட், அங்கிருந்து ஒரு வயரில் பலாமரத்தைத் தொட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. தனி மீட்டர் எடுத்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. வந்த புதிதில் கேட்டால் மாப்பிள்ளை பங்கு பிரிக்கிறான் என்பார்கள் என்று பயம். பழகிய பிறகு கேட்டால் நீங்கள் மனம் நோவீர்கள் என்று பயம். என் சாரக்கடையில் சாரம் வாங்க வருகிறவனிடம் அரை மணித்தியாலம் பேரம் பேசும் வாய், உங்கள் முன்னால் இந்த ஒரு விசயத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமைகள் நினைவிருக்கிறதா? ஜும்ஆவுக்கு முன்னால் இரண்டு வீட்டிலும் அயன்பெட்டி சூடாகும். பியூஸ் போகும். முன்வீட்டிலிருந்து ராத்தா, "ஸல்மா, நீயா போட்டாய்?" என்பார். என் மனைவி பின்வீட்டிலிருந்து, "நான் போட்டு எவ்வளவு நேரம், நீங்கதான் இப்ப போட்ட" என்பாள். அக்காவும் தங்கையும் பலாமரத்துக்கு மேலால் கதைக்கும் கதை பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும். நாம் கசங்கிய சட்டையோடு கடைசி வரிசையில் போய் நிற்போம். ஒரு வெள்ளிக்கிழமை பியூஸ் போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. "என்ன செஞ்ச காக்கா?" என்று கேட்டேன். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குத்தியிருந்த டெஸ்டரைத் தட்டிக்காட்டி, "அக்காவும் தங்கச்சியும் சண்டை பிடிக்காம இரிக்க ஒரு வழி செஞ்ச" என்றீர்கள். அந்த வழிதான் இந்தப் பின்னல்.

நீங்கள் கண்ணை மூடி மௌத்தான பிறகு முன்வீட்டில் ராத்தா மட்டும். உங்களுக்குப் பிறந்தது முழுக்க ஆண்பிள்ளைகள். நாம் வந்ததுபோலவே அவர்களும் பெண்டாட்டிமாரின் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஒருவன் மருதமுனையில், ஒருவன் சாய்ந்தமருதில். வருவார்கள், சாப்பிடுவார்கள், உம்மாவைக் கொஞ்சிவிட்டுப் போவார்கள். இருட்டும்போது அந்தப் பெரிய வீட்டில் ராத்தாவும் மீட்டரும்தான்.

அவர் இத்தாவில், அன்னிய ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளே இருந்த காலத்தில், ஒரு மத்தியானம் இரண்டு வீட்டிலும் கரண்ட் போனது. மழையில் நனைந்த எங்கள் மோட்டர் செய்த வேலை. கரண்ட் எங்காவது கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் உங்கள் நடு ஹோலில் இருக்கிறது. நான் உள்ளே போக ஏலாது. மோட்டரைக் கழற்றிவிட்டு வந்து வெளிச்சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன், சம்பந்தம் பேச வந்து வாசலில் மறிக்கப்பட்டவனைப்போல.

"கறுப்பா ஒரு நாக்கு கீழ விழுந்து கிடக்கும். அத மேல தள்ளச் சொல்லு!"

உள்ளேயிருந்து ஸல்மா: "கடிக்குமாண்டு ராத்தா கேக்கா!"

"கடிக்காது."

"கடிச்சா?"

"கடிச்சா என்னச் சொல்லுங்க!"

"கடிச்ச மறுகா சொல்லி என்ன வாற?"

டக் என்று சத்தம் கேட்டது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. நான் சிரிக்க வாயைத் திறந்தேன். உள்ளே ராத்தா அழுகிற சத்தம். "அவர் இரிந்தா நான் ஏன் இதத் தொடப்போறன்." சுவரில் வைத்த காதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு அந்த வயர் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. எங்கள் மின்விசிறி நின்றால் ஸல்மா கையில் இருக்கும் அகப்பையோடு முன்வீட்டுக்கு ஓடுவாள். ராத்தா தனியாக இல்லை என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஏற்பாடு அதுதான்.

இப்படியிருக்க வீட்டுக்குக் கார் வந்தது. கரண்டில் ஓடும் கார். மகளுக்குத் தெற்கே திருக்கோவில் ஊரில் வேலை. தினமும் பஸ்ஸில் தொங்குகிறாள் என்று கட்டாரில் இருக்கும் மருமகன் ஏற்பாடு செய்தான். அதோடு சுவரில் பூட்டும் சார்ஜ் பெட்டி ஒன்றும் அனுப்பினான், பிறந்த குழந்தையைப்போலப் பஞ்சு சுற்றி. நான் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுவர் தேடினேன். ஆணி எங்கே அடிக்கலாம் என்பதுதான் என் கவலை. அதற்குள் பாண்டிருப்பிலிருந்து யோகன் வந்தான், என்னோடு ஒரே வாங்கில் படித்த வயரிங்காரன். கல்முனையில் பாதி வீட்டுக்குத் தானே வெளிச்சம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். உங்களுக்கு அவனைப் பிடிக்காது, அவனுக்கும் உங்களை.

"பெட்டிய வை மச்சான். முதல்ல ஊட்டுக்கு என்ன வருதெண்டு பாக்கணும்."

"கரண்ட்தான் வருது."

"எவ்வளவு?"

"பில் வாற அளவுக்கு."

அவன் சிரிக்கவில்லை. கம்பத்தைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், உங்கள் பலகையைக் கழற்றினான். பிறகு வாங்கில் இருத்தி எனக்குப் பாடம் நடத்தினான். "கம்பத்தால வாறது முப்பது அம்பியர். அதுதான் ரெண்டு ஊட்டுக்கும். ஒண்ட மருமகன்ட பெட்டி மட்டும் முப்பத்திரண்டு கேக்கும். காருக்குக் குடுத்தா ராத்தாட லைட்டுக்கு என்னத்தக் குடுக்கிற?"

அதோடு விடவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே பலாமரத்தடி வரை போனான். அங்கே நீங்கள் போட்ட மூட்டு ஒன்று, டேப்புக்கு மேல் டேப் சுற்றி. பிரித்துப் பார்த்தால் உள்ளே உருகிக் கரியாகிக் கிடந்தது.

"மெல்லிய கம்பியா இரிந்தா பியூஸ் போயிரிக்கும், வயர் தப்பியிரிக்கும். காக்கா பியூஸ் போகாம ஆக்கிட்டார், சூட்ட வயர் வாங்கிட்டு. இவ்வளவு காலம் ஊடு தீப்பத்தாம இரிந்தது அவர்ட துஆவாலதான்."

அந்த வயர் எங்கள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு நேர் கீழேதான் என் மகளின் கட்டில். எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது காக்கா. இருந்திருந்தால் அப்போதே விறாந்தைக்கு வந்து கத்தியிருப்பேன். நீங்களும் கத்தியிருப்பீர்கள். அரை மணித்தியாலத்தில் ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்திருப்பார். இப்போது யாரோடு கத்துவது? கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று கம்பியையும் நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பின்னியிருப்பீர்கள். இரண்டு பெண்கள் சண்டை பிடிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் உங்கள் மனதில். அந்த அன்பில் எங்கள் கூரை எரிந்திருக்கும்.

யோகன் தீர்ப்பை ஒரே வரியில் சொன்னான். பலாமரத்து வயரை வெட்டவேண்டும். பின்வீட்டுக்குக் கம்பத்திலிருந்து தனியாக எடுக்க வேண்டும். சரிதான். ஆனால் வெட்டினால் முன்வீட்டில் என்ன நடந்தாலும் எங்கள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அதை ராத்தாவிடம் எப்படிச் சொல்வது?

இத்தா முடிந்து அவர் விறாந்தைக்கு வரத் தொடங்கியிருந்தார். நான் ஒரு பிரசங்கம் தயாரித்துக்கொண்டு போனேன். மாமாவின் பெருந்தன்மையில் தொடங்கி உங்கள் நற்குணங்கள் வழியாக மீட்டருக்கு வருவதாகத் திட்டம். உங்கள் நற்குணங்களில் பாதிகூட முடியவில்லை, ராத்தா கையைக் காட்டினார்.

"தம்பி, தனிக் கரண்ட் எடுக்கப் போறீங்களா?"

"ஓம் ராத்தா."

"நீங்க கேக்கட்டும் எண்டு அவர் எத்தின வருஷம் பாத்துட்டு இரிந்தார். தான் சொன்னா தம்பியத் துரத்துற மாதிரி இரிக்குமாம். அவர் சொல்லட்டும் எண்டு நீங்க. ரெண்டு பேரும் மரியாத பாத்த. நாங்க ரெண்டு பொம்புளையளும் அயன்பெட்டியக் கையில வச்சிட்டு மணிக்கூட்டப் பாத்த."

காக்கா, நீங்களுமா? இத்தனை வெள்ளிக்கிழமை, ஒரே பாயில் ஒட்டிக்கொண்டு இருந்தோமே!

கரண்ட் ஒபிஸுக்குப் போய்த் தனிக் கரண்ட் எடுத்து, வயரை வெட்டிய காலையில் ராத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். யோகன் வயரைச் சுருட்டித் தோளில் போட்டான். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார், என்னைப் பாராமல், மரத்தைப் பார்த்து.

"இனி இஞ்ச கரண்ட் போனா அங்கால தெரியாது, என்ன."

நான் தரையில் கிடந்த டேப் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

யோகன்தான் பேசினான். அவனுக்கு இங்கிதம் கிடையாது, அல்ஹம்துலில்லாஹ். "மச்சான், காரை எங்க விடப்போறாய்? ஒண்ட ஊட்டுக்குப் போற ஒழுங்கைக்குள்ள கண்ணாடிய மடிச்சாலும் போகா. இந்த விறாந்தைக்குப் பக்கத்திலதான் நிக்க ஏலும். ஒண்ட ஊட்டுப் பாரம் இறங்கினதால முன்வீட்டுக் கரண்டில இப்ப இடம் இரிக்கி. பெரிய பெட்டி வேணாம். மெதுவாக் குடிக்கிற சின்ன சார்ஜர் போடுவம், அதுக்குத் தனி வயர், தனி எர்த். இரவு முழுக்கக் குடிச்சா திருக்கோவிலுக்குப் போய்வரக் காணும். ராத்தா சமைக்கலாம், அயன் போடலாம், ஒண்டும் ஆகா."

தனிக் கரண்ட் வேண்டும் என்று பிரித்த கையோடு, காருக்கு உங்கள் கரண்ட் தாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? நான் மீண்டும் உங்கள் நற்குணங்களில் தொடங்கினேன்.

"தம்பி," என்றார் ராத்தா, "வண்டி இஞ்ச நிண்டா புள்ள காலையில இஞ்ச வரணும்தானே?"

"வரணும் ராத்தா."

"அப்ப நிக்கட்டும்."

மருமகனின் பெட்டி அலுமாரியில் பஞ்சுக்குள் நித்திரை. அவன் காரைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம். மகள் ஒவ்வொரு காலையும் முன்வீட்டில்தான் தேத்தண்ணி குடிக்கிறாள். கார் நிற்கும் இடத்துக்கு மேலே ராத்தா ஒரு கூரைத்தகடு போடச் சொல்லியிருக்கிறார். அதற்கு வெயில் படுகிறதாம்.

உங்களிடமிருந்து எனக்குச் சேர்ந்தது கேளாமல் இருக்கும் மரியாதை. அதை விட்டுவிட முயற்சி செய்கிறேன். உங்கள் வீட்டில் இப்போது கேட்கும் மரியாதை நடக்கிறது. மாலையில் பலாமரத்துக்கு அப்பாலிருந்து ராத்தாவின் குரல் வரும்:

"தம்பி, சோறு வைக்கப்போறன். வண்டிட கரண்ட நிப்பாட்டட்டா?"

நிப்பாட்டத் தேவையில்லை. சோறும் வேகும், காரும் குடிக்கும் என்று யோகன் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால்தான் சொன்னான். ராத்தாவுக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

"கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்க ராத்தா" என்கிறேன், ஒவ்வொரு நாளும்.